பினாங்கில் பி.ரம்லி பிறந்த வீடு: மாணவர்களோடு அளந்து மாதிரி செய்ய யோசனை தேவை

செத்தாப்பாக்_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். படிவம் 4 வரலாற்று மாணவர்கள் பன்னிரண்டு பேரைக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு அழைத்துப் போகிறோம். மலாய்ப் பாடகரும் திரைப்பட நடிகருமான பி.ரம்லியின் வாழ்க்கையை அவருடைய இரண்டு வீடுகளின் வழியாகப் படிப்பதுதான் திட்டப்பணி. கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்த வீடு எங்கள் பக்கத்திலேயே, செத்தாப்பாக் தாமான் பி.ரம்லியில், ஜாலான் டெடாப்பில் இருக்கிறது. 1986 முதல் அது நினைவு இல்லம். பிறந்த வீடு ஜார்ஜ்டவுன் ஜாலான் பி.ரம்லியில் இருக்கிறது, பழைய பெயர் கௌண்டர் ஹால் ரோடு. இரண்டுமே தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளவை.

பினாங்கு வீட்டை நாங்களே அளந்து, பள்ளிக்குத் திரும்பி 1:20 அளவில் மாதிரி செய்யலாம் என்று இருக்கிறோம். மர வேலையும் பழைய வீட்டுப் பராமரிப்பும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். எதிலிருந்து அளக்க ஆரம்பிப்பது? மரச்சட்டங்களில் எது பழசு, எது பிறகு மாற்றியது என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா? "இது அசல் வீடுதானா?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், அதற்கு நேர்மையான பதில் வேண்டும். அத்தாப்பு, அதாவது ஓலைக் கூரையை மாதிரியில் எப்படிக் காட்டுவது? எல்லாவற்றுக்கும் மேல், இது ஒரு இசைக்கலைஞரின் வீடு. தச்சு வேலைப் பாடமாக மட்டும் முடிந்துவிடக் கூடாது. அதற்கும் யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

கைமரம்:

வணக்கம் டீச்சர். அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து, தூண்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். வாசல் பக்க வரிசைக்கு அ1, அ2, அ3. அடுத்த வரிசைக்கு ஆ1, ஆ2. கம்பத்து வீட்டின், அதாவது மலாய்க் கிராமத்து மரவீட்டின், இலக்கணமே தூண்தான். சுவர் பாரம் தாங்குவதில்லை, தூண்களுக்கு இடையே செருகிய பலகை அவ்வளவுதான். அதனால் சுவரை அளந்து வீட்டை வரையக் கூடாது. தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடு வரை அளந்தால் வீடு தானாக வந்துவிடும்.

பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது துண்டு துண்டாக அளந்து கூட்டுவது. ஒவ்வொரு துண்டிலும் 5 மி.மீ. பிசகினாலும் பத்துத் துண்டில் 50 மி.மீ. போய்விடும், மாதிரியில் அது 2.5 மி.மீ. இடைவெளியாக வந்து நிற்கும். 30 மீட்டர் டேப்பை ஒரு மூலையில் பூஜ்யத்தில் பிடித்து மறு மூலை வரை நீட்டி இழுத்து, வழியில் வரும் ஒவ்வொரு தூணின் எண்ணையும் வாசித்து எழுதச் சொல்லுங்கள். ஒருவர் பூஜ்யத்தைப் பிடிக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத. எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். பிறகு ஒவ்வொரு அறையின் மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். பழைய மரவீடு எதுவும் சரியான செங்கோணத்தில் நிற்காது. மூலைவிட்டம் இல்லாமல் ஊருக்குத் திரும்பினால் அறை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது காகிதத்தில் இருக்காது.

உயரத்துக்குத் தரையை நம்பாதீர்கள், மண் ஏறி இறங்கும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய், 10 மீட்டர் வாங்கித் தண்ணீர் நிரப்பி நீர்மட்டம் பாருங்கள். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய்யாகும். அதனால் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் சம உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த மட்டத்திலிருந்து ஒவ்வொரு தூணின் அடிக்கல், தரை உத்தரம், தரைப்பலகை எவ்வளவு மேலே கீழே என்று குறித்தால் போதும். கம்பத்து வீடுகளில் முன்தாழ்வாரம், நடு வீடு, அடுப்படி மூன்றும் ஒரே மட்டத்தில் இருப்பது அபூர்வம். நடு வீடு உயர்ந்திருக்கும், மற்றவை ஒரு படி இறங்கும். அந்த இறக்கத்தைக் கவனிக்காமல் தட்டையான தரை போட்டால் மாதிரி பார்ப்பதற்கே அந்நியமாக இருக்கும்.

கூரைச் சரிவுக்கு ஏணி வேண்டாம். முக்கோண முகப்புக்கு நேர் எதிரே, தூரத்தில், கேமராவைச் சாய்க்காமல் படம் எடுங்கள். படத்துக்குள் 10 செ.மீ. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு மீட்டர் குச்சி நிற்க வேண்டும். அகலத்தில் பாதி, முகட்டு உயரம், இரண்டும் கிடைத்தால் கோணம் கணக்கில் வந்துவிடும். அத்தாப்புக்கு 40 பாகைக்குக் குறைந்த சரிவு ஒத்துவராது. உங்கள் கணக்கில் 30 வந்தால் மறுபடி பாருங்கள்.

இனி பழசா புதுசா என்ற கேள்வி. வீடு 1926-ல் எழும்பியது. பலகையின் பின்பக்கத்தை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கைரம்பம் அறுத்த தடம் கொஞ்சம் சாய்ந்த நேர்க்கோடுகளாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். வட்டரம்பம் அறுத்தது வில் வில்லாக வளைந்திருக்கும். இயந்திரம் இழைத்த பலகையில் தடமே தெரியாது, கனமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும். கூட்டல்குறித் தலையுள்ள திருகாணி 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. அது இருக்கும் இடம் பிற்காலப் பழுது என்று துணிந்து எழுதலாம். ஒட்டுப்பலகை தென்பட்டாலும் அப்படியே. சட்டங்கள் கூடும் இடத்தில் கழுந்தும் துளையுமாகச் சேர்த்து மர ஆணி அடித்திருந்தால், அந்த இணைப்பைப் பெரிதாக வரைந்து கொள்ளுங்கள். கம்பத்துத் தச்சன் இணைப்பை ஆப்பு வைத்து இறுக்குவான். ஆப்பைத் தட்டினால் முழு வீடும் கழன்று வரும். அந்த வகை வீட்டை வேறு இடத்துக்குத் தூக்கிப் போக முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு கண்டிப்பான விஷயம்: இது காப்பகத்தின் வீடு. சுண்ணாம்புக்கட்டி, பென்சில் அடையாளம், ஒட்டுநாடா எதுவும் மரத்தில் படக் கூடாது. பெயரெல்லாம் உங்கள் தாளில் மட்டும்.

கறையான்_காவல்:

கைமரம் அண்ணன் அளவைச் சொல்லிவிட்டார். "அசல் வீடுதானா" என்ற கேள்விக்கு என் பதில்: மரமும் ஓலையும் கொண்ட வீடு மாற்றி மாற்றித்தான் உயிரோடு இருக்கும். வருடத்துக்கு 2,400 மி.மீ. போல மழை பெய்கிற தீவில், 1926-ல் வேய்ந்த அத்தாப்பு இன்றும் மேலே இருக்க வழியே இல்லை. இடம், அமைப்பு, தூண்களின் கணக்கு, அறைகளின் அளவு, இணைப்பு முறை, இவை தொடர்ந்து காக்கப்படுகின்றனவா என்பதுதான் கேள்வி. பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டாம். மாதிரியில் பழைய சட்டத்துக்கு அடர்ந்த நிறமும் பிற்காலச் சட்டத்துக்கு வெளிர் நிறமும் பூசச் சொல்லுங்கள். அதுவே உங்கள் திட்டப்பணியின் பலமான பகுதியாக இருக்கும்.

எது ஏன் கெடுகிறது என்று சொல்கிறேன், பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடும்.

தூணின் அடி. மழை கூரையிலிருந்து சொட்டி, மண்ணில் பட்டுத் தெறித்து, தூணின் கீழ் ஒரு முழத்தை நனைத்துக் கொண்டே இருக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்துவிட்டால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. அதனால்தான் தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் உட்கார வைத்தார்கள். பல கம்பங்களில் நல்ல எண்ணத்தோடு தூணைச் சுற்றிச் சிமெண்ட் பூசிவிடுவார்கள். மரம் சுருங்கியதும் சிமெண்டுக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை விடும், தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியேற வழியில்லை. பார்க்கக் கெட்டியாக இருக்கும் தூண் உள்ளே தவிடாகியிருக்கும். சிமெண்ட் காலுறை போட்ட தூண் எங்கே தென்பட்டாலும் குறித்துக் கொள்ளுங்கள்.

அப்படிக் கெட்ட அடியை மாற்றும் முறை இது. பக்கத்தில் இரண்டு ஜாக்கி வைத்து உத்தரத்தை 3 முதல் 5 மி.மீ. மட்டும் தூக்குவது, அதற்கு மேல் தூக்கினால் மேலே இணைப்புகள் பிளக்கும், பலகை கிழியும். ஒரு நேரத்தில் ஒரு தூண்தான். கெட்ட பகுதிக்கு மேலே நல்ல மரம் தொடங்கும் இடம் தாண்டி அறுத்து, அதே சாதி மரத்தின் வைரப் பகுதியில் புதுத் துண்டு செய்து, சாய்வெட்டாக இணைக்க வேண்டும். சாய்வெட்டின் நீளம் தூண் அகலத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு. துருப்பிடிக்காத 12 மி.மீ. போல்ட்டு இரண்டு போதும். வெளிறு மரம் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி அதே வேலை. செங்கால் (chengal) என்ற கடின மரத்துக்கு விலை அதிகம்தான், ஆனால் தூணடிக்கு அதைவிட நம்பகமானது இங்கே கிடைக்காது.

கறையான். மண்ணுக்குள் கூடு கட்டுவது கல்லின் மேல் மண்குழாய் போட்டுத் தூணுக்கு ஏறும். வீட்டின் அடியில் காலி இடம் விட்டதே அந்தக் குழாய் கண்ணில் படட்டும் என்பதற்கும்தான். அங்கே பழைய பலகை, அட்டைப்பெட்டி, பூச்சட்டி அடுக்கினால் கறையானுக்கு மறைவாகப் பாலம் கட்டிக் கொடுத்த மாதிரி. குழாய் தெரிந்ததும் துடைப்பத்தால் தட்டிவிட்டுக் கடையில் வாங்கிய ஸ்பிரே அடிப்பதுதான் எல்லாரும் செய்வது. அப்போது அங்கே இருக்கும் சில நூறு கறையான் சாகும், மற்றவை வழியை மாற்றிக்கொள்ளும், கூடு அப்படியே இருக்கும். குழாயைக் கலைக்காமல் விட்டு, அதன் மேல் மெதுவாகக் கொல்லும் இரைப்பெட்டி வைக்க வேண்டும். அவை இரையைக் கூட்டுக்குக் கொண்டுபோனால்தான் வேர் அறும்.

காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான் வேறு. அதற்கு மண்குழாய் கிடையாது. பலகைக்குக் கீழே கசகசா போலச் சிறு மணிகள் குவிந்திருந்தால் அது இவற்றின் எச்சம். மாவு போல நைசான தூள் என்றால் வண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் முதலில் தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள்.

அத்தாப்பு பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். நிப்பா என்ற சதுப்புநிலப் பனையின் ஓலையை ஒரு குச்சியின் மேல் மடித்து, பிரம்பு நாரால் தைத்து, ஏறத்தாழ 5 அல்லது 6 அடி நீளக் கீற்றாகச் செய்வார்கள். கூரையின் கீழ்விளிம்பிலிருந்து மேல் நோக்கி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கீற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு என்பதில்தான் கூரையின் ஆயுள் இருக்கிறது. 4 அங்குலம் விட்டுக் கட்டினால் மூன்று நான்கு வருடம். 2 அங்குலம் விட்டு நெருக்கினால் ஓலை இரட்டிப்பாகச் செலவாகும், ஆனால் கூரை அதைவிடப் பல வருடம் கூடுதலாக நிற்கும். காசு மிச்சம் பிடிக்க அகலமாகக் கட்டிய கூரை கடைசியில் செலவுதான் வைக்கும்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஆள் குடியிருந்த காலத்தில் அடுப்படியில் தினமும் விறகு எரிந்தது. அந்தப் புகை ஓலைக்கு இடையே ஏறி ஈரத்தை உலர்த்தியது, பூச்சியை விரட்டியது, ஓலையில் கரி படிந்து பூஞ்சையைத் தடுத்தது. காட்சி வீடாக மாறியதும் அடுப்பு அணைந்துவிடும். அதே ஓலை, அதே சரிவு, ஆனால் சீக்கிரம் மக்கும். அதோடு பக்கத்து மரக்கிளை நிழல் விழுந்தால், காலை வெயில் படாத பக்கத்தில் பாசி பிடிக்கும். கூரையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் கறுத்து அடங்கியிருக்கிறதோ, அந்தப் பக்கம் என்ன நிழல் விழுகிறது என்று திரும்பிப் பார்த்தால் காரணம் நிற்கும்.

வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாலான் பி.ரம்லி பினாங்கு நதியின் தாழ்வான படுகையில் இருக்கிறது. கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் நதி நீர் கடலுக்கு வடிய முடியாமல் சாலையில் ஏறும். 2017 நவம்பர் 4, 5 வெள்ளத்தைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கால் மேல் நிற்கும் வீடு அலங்காரத்துக்காக அல்ல என்பது அங்கே நின்று பார்த்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

எழுபத்தெட்டு_சுழல்:

டீச்சர், இசையைக் கொண்டுவர அந்த வீட்டையே பயன்படுத்தலாம். அதற்கு முன் சில விவரங்கள், பிள்ளைகளின் அறிக்கைக்கு உதவும்.

அப்பா தெயுக்கு ஞாக் புத்தே, அச்சேயின் லோக்சுமாவேயிலிருந்து வந்தவர். மகனுக்கு வைத்த பெயர் தெயுக்கு ஸக்காரியா, பிறந்தது 22 மார்ச் 1929. மேடைப்பெயரில் உள்ள "பி" அப்பாவின் புத்தே. கம்போங் ஜாவா மலாய்ப்பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். இடையில் ஜப்பானியர் ஆட்சி. உக்குலேலே என்ற நான்கு நரம்புச் சிறு கருவியில் தொடங்கிக் கித்தார், வயலின் என்று போனார். வானொலிப் பாட்டுப் போட்டியில் 1947-ல் முதல் பரிசு. அடுத்த வருடம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழாவில் பாடியதை இயக்குநர் பி.எஸ்.ராஜ்ஹான்ஸ் கேட்டார், அங்கிருந்து சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கு அழைப்பு. ஆக, பத்தொன்பது வயது வரை கேட்டது, கற்றது எல்லாம் இந்தத் தீவில்தான்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ரம்லியை 1950-ல் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன். மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். மலாய் சினிமாவின் தொடக்கத்தில் இந்திய இயக்குநர்கள் எவ்வளவு ஆழமாக இருந்தார்கள் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. ரம்லியின் மெட்டுகளில் இந்துஸ்தானி வாசனையும், பினாங்கின் பாட்டும் ஆட்டமுமான போரியாவின் கூட்டுக்குரலும், இந்தோனேசிய நரம்பிசையான குரோன்சோங்கின் நடையும் ஒன்றாக இருப்பதற்கு இந்தத் தீவின் தெருக்களே பதில். போரியாவே இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்களின் முஹர்ரம் ஊர்வலத்தோடு தொடர்புடையது.

இனி வீட்டில் செய்யக்கூடியது. ஊழியரிடம் அனுமதி கேட்டு, நடு வீட்டில் ஒரு மாணவர் ஒரே ஒரு முறை கை தட்டட்டும். இரண்டு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு உக்குலேலேவில் ஒரே ஸ்வரக்கூட்டு, ஐந்து விநாடி. இதே இரண்டையும், இதே தூரத்தில், செத்தாப்பாக் வீட்டிலும் பள்ளி வகுப்பறையிலும் பதிவு செய்யுங்கள். கணினியில் ஒலியலையை விரித்துப் பார்த்தால், கைதட்டலுக்குப் பிறகு அலை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அத்தாப்பு ஒலியை உறிஞ்சும், அதிலும் கீச்சொலியை அதிகமாக. பலகை இடுக்கு வழியே மீதி வெளியே போய்விடும். சிமெண்ட் சுவர் திருப்பி அனுப்பும். அதனால் கம்பத்து வீட்டில் நரம்புக்கருவியின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, எதிரொலி ஒட்டாமல் கேட்கும். அதே இடுக்கு வழியாக அக்கம்பக்கத்துப் பாட்டும் உள்ளே வரும். இசை எப்படிப் பரவியது என்று பேச இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று பதிவுக்கும் ஒரே கைப்பேசி, ஒரே ஆள். கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் தேடும் எதிரொலியையே அது வெட்டிவிடும். தெருச்சத்தம் கலந்த பதிவைப் பயன்படுத்த வேண்டாம்.

காட்சிப்பொருள் பற்றி ஒரு வார்த்தை. வயலின், கித்தார் போன்றவற்றுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. காற்றோட்டமான மரவீட்டில் 80 சாதாரணம். பசை விடும், பலகை உப்பும். பழைய அரக்கு இசைத்தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் பாரத்தில் வளையும், சில உடையும். செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். துடைக்க ஆல்கஹால் கலந்த திரவம் கூடவே கூடாது, அது அரக்கையே கரைக்கும். இப்படி ஒரு வீட்டில் அரிய மூலப்பொருளை வைக்காமல் நகலை வைப்பது குறைபாடு அல்ல, பொறுப்பு. நினைவு வீடுகளில் நகல் படம் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

செத்தாப்பாக்_டீச்சர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கைதட்டல் சோதனையைச் சொன்னதும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொள்கிறார். மாதிரி செய்யும் பொருள் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பிள்ளைகள் ஐஸ்கிரீம் குச்சி என்கிறார்கள். பயணத்துக்கு எந்த மாதம், எந்த நாள் நல்லது?

சின்ன_உளி:

ஐஸ்கிரீம் குச்சி 2 மி.மீ. கனம் டீச்சர். 1:20-ல் அது 4 செ.மீ. பலகையாகிவிடும், சுவர் கோட்டைச் சுவர் மாதிரி தெரியும். சுவருக்கு 1 மி.மீ. பால்சா தகடு வாங்கி, 15 செ.மீ. பலகை என்றால் 7.5 மி.மீ. அகலப் பட்டையாகக் கத்தியால் வெட்டுங்கள். 12 செ.மீ. தூணுக்கு 6 மி.மீ. சதுரக் குச்சி. ஐஸ்கிரீம் குச்சியைப் படிக்கட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிசகு எங்கே வருமென்றால், அடிப்பலகையில் தூண்களை ஒவ்வொன்றாக நட்டு அதன் மேல் தரை போடுவதில். ஒரு தூண் அரை மி.மீ. கூடினாலும் தரை ஆடும். தரைச்சட்டத்தை மேசை மேல் தலைகீழாகப் போட்டு, தூண்களை அதன் மேல் ஒட்டி, செங்கோண அட்டை வைத்து நேராக்கி, ஒரு இரவு காயவிட்டுத் திருப்புங்கள். அடியில் 9 மி.மீ. ஒட்டுப்பலகை, தூண் வரும் இடத்தில் 5 மி.மீ. ஆழக் குழி. மண் ஏற்ற இறக்கத்தைக் காட்ட விரும்பினால் அந்தக் குழியின் ஆழத்தை மாற்றினால் போதும்.

கூரைக்குப் பழுப்புக் காகிதப் பை. 3 செ.மீ. அகல நாடாவாக வெட்டி, ஒரு ஓரத்தில் அரை செ.மீ. விட்டுவிட்டு மீதியைச் சீப்புப் பல் போலக் கத்தரியுங்கள். கீழ்விளிம்பிலிருந்து தொடங்கி, வரிசைக்கு வரிசை 4 மி.மீ. மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். சரிவு 3 மீட்டர் என்றால் மாதிரியில் 15 செ.மீ., ஒரு பக்கத்துக்கு 37 அல்லது 38 வரிசை வரும். அலுப்பான வேலைதான், ஆனால் வரிசையைக் குறைத்தால் ஓட்டுக்கூரை மாதிரி ஆகிவிடும். வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவினால் காகிதம் சுருண்டுகொள்ளும். வெட்டாத ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு போதும். காய்ந்த பிறகு தேயிலைச் சாயத்தைத் தூரிகையால் திட்டுத் திட்டாகத் தடவுங்கள், பாசி பிடிக்கும் பக்கத்துக்கு இன்னொரு கை. கூரையை ஒட்டிவிடாமல் தூக்கி எடுக்கும்படி செய்தால் அறைகளைக் காட்டலாம்.

பெர்ரி_பக்கம்:

பயண விவரம் மட்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும், வெள்ளி மதியம் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அளக்கப் போவதாக இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் காப்பகத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். என்னென்ன கருவி, எத்தனை பேர், எந்தப் பகுதி, ஒலிப்பதிவு உண்டா என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். வாசலில் போய்க் கேட்டால் ஊழியர் தர்மசங்கடப்படுவார்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை வேண்டாம், மழை. பிப்ரவரி நல்ல மாதம். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயிலில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும், பிறகு பெர்ரி. வீடு பாரம்பரிய நகரப் பகுதிக்கு வெளியே இருப்பதால் படகுத்துறையிலிருந்து நடந்து போகலாம் என்று நினைக்காதீர்கள், வேன் பேசிவிடுங்கள்.

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வேண்டாம். நான்கு பேர் உள்ளே, நான்கு பேர் வெளிப்பக்கம், நான்கு பேர் நீர்மட்டம் என்று பிரித்து, முக்கால் மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். மரத்தரையில் எல்லாரும் ஒரு மூலையில் கூடினால் பலகை வளையும், அப்போது எடுக்கும் உயர அளவும் தப்பாகும். கைதட்டல் பதிவைக் காலையில் திறந்ததும் முதல் வேலையாக முடித்துவிடுங்கள், நேரம் ஏற ஏற அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கூடிக்கொண்டே போகும்.